நெல் வரும் நாளும் அரிசி விலையும்

மேட்டூர் மதகு முதல் மளிகைக் கடை சிப்பம் வரை: பருவங்கள் விலையை ஆட்டிவைக்கும் கதை

ஐப்பசியில் மழை சற்று விட்ட ஒரு காலை. தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் எந்தக் கிராமத்துச் சாலையில் போனாலும் பாதிச் சாலையில் நெல் காயும். களமெல்லாம் நனைந்து கிடப்பதால் தார்ச் சாலையே களம். ஓரத்தில் கருங்கற்களை வரிசையாக அடுக்கி, உள்ளே நெல்லைப் பரப்பி, காலால் கோடு கோடாகக் கிளறிவிட்டபடி நடந்துகொண்டிருப்பார்கள். கிழக்கே கறுத்தால் போதும், பரப்பிய நெல் நிமிடங்களில் குவியலாகும், குவியல் மேல் படுதா ஏறும். சாலை முடியும் இடத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையம். அங்கே ஒரு பிடி நெல்லை அள்ளி ஈரப்பதமானியில் போடுவார்கள். 17 என்று காட்டினால் நெல் தூற்றும் இயந்திரத்துக்குப் போகும், பிறகு தராசுக்கு. 21 என்று காட்டினால் மறுபடியும் சாலைக்கு.

வயலில் எவ்வளவு விளைந்தது என்பது அந்த நெல்லின் விலையில் ஒரு பங்குதான். எந்த வாரத்தில் அறுத்தார்கள், அந்த வாரத்தில் வெயில் இருந்ததா, அதே வாரத்தில் பக்கத்து ஊர் நெல்லும் சேர்ந்து வந்ததா என்பவைதான் மீதியைத் தீர்மானிக்கின்றன. காவிரிப் படுகையின் நெல் விலையையும், அதையொட்டித் தமிழ்நாட்டின் அரிசி விலையையும் புரிந்துகொள்ள வேண்டுமானால் ஆண்டின் மொத்த விளைச்சலைப் பார்த்தால் போதாது. வரத்தின் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும்.

ஒரு மாநிலம், பல அறுவடைகள்

கோதுமை விளையும் பஞ்சாபிலும் ஹரியானாவிலும் ஏப்ரலில் அறுவடை தொடங்கிச் சில வாரங்களில் முடிந்துவிடும். தமிழ்நாட்டில் நெல்லுக்கு அப்படி ஒற்றை அறுவடை கிடையாது. ஏதோ ஒரு மாவட்டத்தில் ஏதோ ஒரு மாதத்தில் நெல் வந்துகொண்டே இருக்கும். ஆண்டு முழுக்க வரத்து இருந்தால் விலை சீராக இருக்கும் என்று தோன்றும். நடப்பது வேறு. இந்த அறுவடைகள் அளவில் சமமானவை அல்ல, ரகத்திலும் ஒன்றல்ல. குறுவை நெல்லும் சம்பா நெல்லும் சந்தையில் இரண்டு வெவ்வேறு சரக்கு.

> பெட்டிச் செய்தி: எப்போது எந்த நெல்?
>
> சொர்ணவாரி: சித்திரை, வைகாசியில் விதைப்பு, ஆவணி வாக்கில் அறுவடை. திருவள்ளூர், காஞ்சிபுரம் போன்ற வடமாவட்டங்கள்.
>
> குறுவை: ஆனி, ஆடியில் நடவு, புரட்டாசி, ஐப்பசியில் அறுவடை. காவிரிப் படுகை. 105 முதல் 115 நாள் வயதுள்ள குறுகிய கால ரகங்கள்.
>
> சம்பா: ஆவணியில் விதைப்பு, தை, மாசியில் அறுவடை. மாநிலத்தின் பெரிய பருவம். 130 நாளுக்கு மேற்பட்ட ரகங்கள்; சில 150 நாளைத் தாண்டும்.
>
> தாளடி: குறுவை அறுத்த வயலில் புரட்டாசி, ஐப்பசியில் நடவு, மாசி, பங்குனியில் அறுவடை.
>
> நவரை: மார்கழி, தையில் நடவு, சித்திரை, வைகாசியில் அறுவடை. ஏரி, கிணற்றுப் பாசன மாவட்டங்கள்.

குறுவையில் ஆடுதுறை 36, ஆடுதுறை 43, ஏ.எஸ்.டி. 16, கோ 51 போன்ற ரகங்கள் அதிகம். இவற்றில் பலவற்றைச் சாப்பாட்டு அரிசியாக நகரத்துக் கடைகளில் கேட்டு வாங்குபவர் குறைவு. குண்டு ரகங்கள் இட்லி அரிசியாகப் போகும், மற்றவை பெரும்பாலும் அரசுக் கொள்முதலை நம்பியிருக்கும். சம்பாவில்தான் வெள்ளைப் பொன்னியும், ஆந்திரத்தின் பாபட்லாவில் உருவாகி இங்கே ஆந்திரா பொன்னி என்று பெயர் பெற்ற பி.பி.டி. 5204-ம் வரும். வியாபாரிகள் களத்துக்கே வந்து கேட்கும் நெல் இதுதான். ஆக, மழைக்காலத்தில் வரும் நெல்லுக்கு வாங்குபவர் குறைவு, வெயில் காலத்தில் வரும் நெல்லுக்கு அதிகம். விலை ஏற்ற இறக்கத்தின் முதல் வேர் இங்கே இருக்கிறது.

மதகு திறக்கும் தேதி

காவிரிப் படுகைக்கு ஜூன் 12 என்பது வெறும் தேதி அல்ல. மரபுப்படி மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்கும் நாள் அது. அன்று திறந்தால் சில நாட்களில் தண்ணீர் கல்லணைக்கு வரும், கடைமடைக்குப் போய்ச் சேர இன்னும் சில வாரங்கள் ஆகும். ஜூலைக்குள் நடவு முடிந்தால் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ அறுத்துவிடலாம். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்குகிறது. மழைக்கு முன்னே நெல் களத்தைவிட்டுப் போய்விட வேண்டும் என்பதுதான் இந்த அட்டவணையின் உயிர்.

தேதி தவறினால் அறுவடை அப்படியே மழைக்குள் நகர்ந்துவிடும். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து ஜூன் 12 அன்று அணையைத் திறக்க முடியவில்லை. 2020-லும் 2021-லும் உரிய நாளில் திறந்தது. 2022-ல் நீர் நிறைந்திருந்ததால் மே 24-ம் தேதியே திறக்கப்பட்டது. 2023-ல் ஜூன் 12-ல் திறந்தும் பயனில்லை. கர்நாடகத்தில் மழை பொய்த்து நீர்வரத்து வற்றியதால் குறுவை பல இடங்களில் கருகியது. 2024-ல் ஜூலை 28-ம் தேதிதான் மதகு உயர்ந்தது. 2025-ல் மீண்டும் ஜூன் 12.

ஆழ்துளைக் கிணறும் பம்புசெட்டும் உள்ளவர்கள் அணையை எதிர்பார்ப்பதில்லை. கோடையிலேயே நாற்றுவிட்டு ஆவணியில் அறுத்துவிடுகிறார்கள். அந்த நெல் உலர்ந்து வரும், வரத்தும் குறைவாக இருக்கும், விலையும் நன்றாகக் கிடைக்கும். ஒரே ஊரில் ஒரே ரகத்தை முன்னால் அறுத்தவருக்கும் ஆறு வாரம் கழித்து அறுத்தவருக்கும் கையில் வரும் பணம் வேறுபடுவதற்குக் காரணம் உழைப்போ உரமோ அல்ல, நிலத்தடி நீர் கையில் இருந்ததுதான். கடைமடைக்காரருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பு. ஆற்றுத் தண்ணீர் கடைசியில் வந்து சேரும் ஊர்கள்தான் மழையிலும் கடைசியாக அறுக்கின்றன.

இரண்டு இயந்திரம் போதும்

கையால் அறுத்த காலத்தில் ஒரு கிராமத்தின் அறுவடை பல வாரங்களுக்குப் பரவி நடந்தது. கதிர் அறுத்து, கட்டு கட்டி, களம் சேர்த்து, அடித்துத் தூற்றுவதற்குள் நெல் ஓரளவு தானே காய்ந்துவிடும். இன்று அறுவடை இயந்திரம் உலர்ந்த வயலில் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு ஏக்கரை முடிக்கிறது. நெல் செடியில் இருந்த ஈரத்தோடு நேரே டிப்பருக்கு வருகிறது.

கொள்முதல் நிலையத்தின் வேகம் அப்படி வளரவில்லை. ஒரு நிலையத்தில் ஒரு நாளில் ஆயிரம் மூட்டை பிடித்தாலே நல்ல வேலை. மூட்டைக்கு 40 கிலோ என்றால் அது 40 டன். ஏக்கருக்கு 24 குவிண்டால் விளைந்ததாக வைத்துக்கொண்டால் இது ஏறத்தாழ 17 ஏக்கர் நெல். இரண்டு அறுவடை இயந்திரங்கள் ஒரு பகல் ஓடினால் ஒரு நிலையத்தின் நாள் கொள்ளளவு நிரம்பிவிடும். சுற்றுவட்டாரத்தில் பத்து இயந்திரங்கள் ஓடும் வாரத்தில் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை. பிடித்த மூட்டைகளை ஏற்ற லாரி வராவிட்டால் அடுத்த நாள் பிடிப்பதற்கு இடமே இருக்காது. சாக்கு தீர்ந்தால் அன்றைக்கு வேலையே இல்லை. 2025 அக்டோபரில் குறுவை நெல் படுகை மாவட்டங்களின் நிலையங்களில் தேங்கி, நனைந்து, குவியலிலேயே முளைவிட்ட காட்சிகளுக்குப் பின்னால் இந்தக் கணக்குத்தான் இருக்கிறது. விளைச்சல் நன்றாக இருந்த ஆண்டு அது. நன்றாக விளைந்ததே நெரிசலைக் கூட்டியது.

சேறான வயலில் டயர் வண்டி இறங்காது, பெல்ட் வண்டிதான் வேண்டும். அதன் மணிக்கூலி அதிகம், சாய்ந்த பயிரை அறுக்க ஆகும் நேரமும் அதிகம். நெல்லின் விலை இறங்கும் அதே வாரத்தில் அறுவடைச் செலவு ஏறுகிறது. இயந்திரக்காரருக்குக் கடன் சொல்ல முடியாது, ரொக்கமாகக் கொடுத்தாக வேண்டும். கையில் பணமில்லாதவர் களத்தில் நிற்கும் வியாபாரியிடம் அன்றைய விலைக்கே நெல்லைக் கொடுத்துவிடுகிறார்.

ஈரத்துக்கு என்ன விலை?

மத்திய அரசு ஆண்டுதோறும் குறைந்தபட்ச ஆதரவு விலையை அறிவிக்கிறது. 2025–26 பருவத்துக்குச் சாதாரண ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,389 ரூபாய். தமிழ்நாடு அரசு இதன் மேல் ஊக்கத்தொகை சேர்த்து முறையே 2,500, 2,545 ரூபாய் என்று கொடுக்கிறது. நாடு முழுவதும் கொள்முதல் ஆண்டு அக்டோபர் 1-ல் தொடங்கினாலும், குறுவை முன்னதாகவே வந்துவிடுவதால் 2022 முதல் தமிழ்நாட்டில் செப்டம்பர் 1-லிருந்தே புதிய விலையில் வாங்குகிறார்கள்.

இந்த விலை 17 சதவீதம் வரை ஈரமுள்ள நெல்லுக்கு. மழைக்காலத்தில் அறுத்த நெல்லில் 20, 22, சில சமயம் அதற்கு மேலும் ஈரம் இருக்கும். மாநில அரசு தளர்வு கேட்கும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுக்கும், பிறகு டெல்லியிலிருந்து உத்தரவு வரும். 2022 அக்டோபரில் 19 சதவீதம் வரையும், 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் வரையும் தளர்த்தினார்கள். உத்தரவு வரும்வரை நெல் காத்திருக்காது. ஈர நெல் குவியலில் சூடேறும், நிறம் மங்கும், முளைவிடும்.

ஈரம் என்பது உண்மையில் எவ்வளவு பணம்? ஒரு ஏக்கரில் 24 குவிண்டால் நெல், 22 சதவீத ஈரம் என்று வைத்துக்கொள்வோம். அதை 17 சதவீதத்துக்கு உலர்த்தினால் ஏறத்தாழ 22.55 குவிண்டால் மிஞ்சும். காணாமல் போவது ஒன்றரைக் குவிண்டாலுக்குச் சற்றுக் குறைவான தண்ணீர். 2,500 ரூபாய் கணக்கில் அது ஏறத்தாழ 3,600 ரூபாய். அந்த அளவுக்கு விலையைக் குறைத்தால் நியாயம். களத்து வியாபாரி குவிண்டாலுக்கு 400 ரூபாய் குறைத்துக் கேட்டால் ஏக்கருக்கு 9,600 ரூபாய் போகிறது. தண்ணீருக்கான 3,600-ஐக் கழித்தாலும் 6,000 ரூபாய் மீதம் நிற்கிறது. உலர்த்த இடமும் வெயிலும் இல்லாததற்காக ஒரு குடும்பம் ஒரு ஏக்கருக்குக் கொடுக்கும் தொகை இது. சிறு விவசாயிக்கு ஒரு பருவத்தில் மிஞ்சும் லாபமே பல நேரம் இவ்வளவுதான்.

வியாபாரி எல்லாவற்றையும் விழுங்கிவிடுவதாகவும் சொல்லிவிட முடியாது. ஈர நெல்லை வாங்குபவர் அன்றே ஆலைக்கு ஏற்ற வேண்டும், வழியில் மழை பிடித்தால் நட்டம் அவருடையது. புழுங்கல் அரிசி ஆலை ஈர நெல்லை ஓரளவு தாங்கும். எப்படியும் நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்தித்தான் அரைக்கப் போகிறார்கள். பச்சரிசி ஆலைக்கு அது ஆகாது. ஈர நெல் அரைத்தால் நொறுங்கும், குருணை மிகும். மழைக்கால நெல்லுக்குப் போட்டி போடும் கைகள் அதனாலும் குறைகின்றன.

> பெட்டிச் செய்தி: மூட்டைக் கணக்கு
>
> நெல் விலையை ஊருக்கு ஊர் ஒப்பிடுவது எளிதல்ல. மூட்டையின் எடையே வேறு வேறு.
>
> அரசுக் கொள்முதல் நிலையத்தில் ஒரு மூட்டை 40 கிலோ. படுகையில் தனியார் வியாபாரத்தில் 60 அல்லது 62 கிலோ மூட்டைக்கு விலை பேசுவது வழக்கம். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்து ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் 75 கிலோ மூட்டைக் கணக்கு உண்டு.
>
> 2,500 ரூபாய்க் குவிண்டால் நெல், 40 கிலோ மூட்டைக்கு 1,000 ரூபாய். 62 கிலோ மூட்டைக்கு 1,550 ரூபாய். 75 கிலோ மூட்டைக்கு 1,875 ரூபாய்.

தை பிறந்தால் வேறு சந்தை

சம்பா அறுவடை மாதங்களில் வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். நெல் களத்திலேயே காயும். சன்ன ரகமானால் ஆலைக்காரர்களும் தரகர்களும் தேடி வருவார்கள். ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் மறைமுக ஏலம் சூடு பிடிக்கும். ஆதரவு விலையைத் தாண்டித் தனியார் விலை போகும் ஆண்டுகளும் உண்டு. அப்போது கொள்முதல் நிலையங்களுக்கு வரும் நெல் குறைந்து, கூட்டுறவுக் கடைக்குத் தேவையான அரிசிக்கு அரசு வேறு வழி பார்க்க வேண்டியிருக்கும்.

ஆனால் தையிலும் வானம் ஏமாற்றுவது உண்டு. 2021 ஜனவரியில் அறுவடைக்கு நின்ற சம்பா மீது பருவம் தப்பிய மழை கொட்டியது. 2023 பிப்ரவரி தொடக்கத்திலும் அதுவே நடந்து, பாதிக்கப்பட்ட பயிருக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் அறிவிக்க வேண்டிவந்தது. இப்படிப்பட்ட ஆண்டுகளில் விலை இரண்டாகப் பிரியும். நனைந்த நெல்லுக்கு விலை வீழும். மழைக்கு முன்னே அறுத்துக் காயவைத்த நெல்லுக்கு விலை ஏறும். செய்தித்தாளில் வரும் சராசரி விலை இந்த இரு தரப்பு விவசாயிகளில் எவருடைய நிலையையும் சொல்லாது.

மாசியிலும் பங்குனியிலும் சம்பாவும் தாளடியும் சேர்ந்து வரும்போது ஆண்டின் மிகப் பெரிய வரத்து. வாங்கி வைக்கும் வசதி உள்ளவர்கள் வாங்குவது இப்போதுதான். அதற்குச் சமையலறையிலும் ஒரு காரணம் உண்டு. புது அரிசி குழையும், வடித்தால் ஒட்டும். சில மாதங்கள் கிடப்பில் இருந்த அரிசி அதிகத் தண்ணீர் குடித்து உதிரியாக வேகும். அதனால் பழைய அரிசிக்குக் கடையில் தனி விலை. ஆலைக்காரர் நெல்லை மூட்டையாக வைத்திருப்பதில் லாப நோக்கம் மட்டுமல்ல, வாடிக்கையாளரின் நாக்கும் இருக்கிறது.

வைத்திருப்பது இலவசமல்ல. மாசியில் 2,500 ரூபாய்க்கு வாங்கிய குவிண்டாலை ஏழு மாதம் வைக்க, ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்றால் 175 ரூபாய். 14 சதவீத ஈரம் 12-க்கு இறங்கினால் எடையில் இரண்டே கால் கிலோவுக்கு மேல் குறையும். அது 57 ரூபாய். கிடங்கு வாடகை, சாக்கு, ஏற்றுக் கூலி, அந்துப்பூச்சி, எலி எல்லாம் தனி. புரட்டாசியில் நெல் விலை பத்து சதவீதமாவது ஏறியிருந்தால்தான் போட்ட பணம் திரும்பும். அறுவடை மாத விலைக்கும் வரத்து வற்றிய மாத விலைக்கும் இடையே இயல்பாக இருக்கும் இடைவெளி இந்தச் செலவிலிருந்து பிறக்கிறது. இடைவெளி இதைவிட மிகப் பெரிதானால் வேறு ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள்: பதுக்கல், பயிர்ச் சேதம், இல்லாவிட்டால் ஏற்றுமதி.

மூன்று ஆறுகளின் அரிசி

சென்னையில் விற்கும் அரிசியின் விலையைக் காவிரி மட்டும் நிர்ணயிப்பதில்லை. செங்குன்றத்து ஆலைகளுக்கு நெல்லூர்ப் பக்கத்து நெல் நெடுங்காலமாக வருகிறது. பெண்ணாற்றுப் பாசனத்தில் விளையும் அந்த நெல்லின் முக்கிய அறுவடை பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில். கர்நாடகா பொன்னி என்ற பெயரில் கடைக்கு வருவது பெரும்பாலும் கங்காவதி, சிந்தனூர், ராய்ச்சூர் பக்கத்துச் சரக்கு. அது துங்கபத்திரை அணையின் பிள்ளை. 2024 ஆகஸ்ட் 10 இரவு அந்த அணையின் 19-ம் எண் மதகு அடித்துச் செல்லப்பட்டபோது, கொப்பளின் விவசாயிகளோடு தமிழ்நாட்டு அரிசி மண்டிக்காரர்களுக்கும் அது கவலைக்குரிய செய்தி.

ஆரணியிலும் களம்பூரிலும் காங்கேயத்திலும் ஆலைகள் பல இருப்பதற்கு உள்ளூர் நெல் மட்டும் காரணமல்ல. பல மாநிலத்து நெல் அங்கே வந்து அரிசியாகிப் போகிறது. இந்த ஓட்டம் விலையைச் சமன்செய்யும். காவிரிப் படுகையில் குறுவை பொய்த்தால் நவம்பர், டிசம்பரில் ஆந்திரத்தின் கோதாவரி, கிருஷ்ணா படுகைகளின் நெல் அந்த இடத்தை ஓரளவு நிரப்பும். தெலங்கானாவில் யாசங்கி எனப்படும் ரபி பருவ நெல் ஏப்ரல், மே மாதங்களில் வரும். கடும் வெயிலில் முற்றுவதால் அந்த நெல் பச்சையாக அரைத்தால் அதிகம் நொறுங்கும், புழுங்கலாக்கினால்தான் தேறும். 2021–22-ல் அந்தப் புழுங்கல் அரிசியை வாங்குவது யார் என்று மத்திய அரசும் தெலங்கானா அரசும் மோதிக்கொண்டதன் அடியில் இருந்தது இந்த வெயில்தான். நம் நவரை நெல்லுக்கும் இதே குறை உண்டு.

காவிரி, பெண்ணாறு, துங்கபத்திரை மூன்றும் ஒரே ஆண்டில் வற்றும்போதுதான் சமன்செய்யும் வழி அடைபடும். காவிரியும் துங்கபத்திரையும் கர்நாடகத்தின் மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையையே நம்பியிருக்கின்றன. அந்த மழை தவறினால் இரண்டுக்கும் ஒன்றாகவே அடி விழும்.

விதைத்ததும் ஏறிய விலை: 2023

அப்படியோர் ஆண்டுதான் 2023. எல் நினோ வரும் என்ற முன்னறிவிப்பு கோடையிலேயே வந்துவிட்டது. ஜூன் முதல் செப்டம்பர் வரையான மழை நீண்டகாலச் சராசரியில் 94 சதவீதம். எண்ணைப் பார்த்தால் பெரிய குறை இல்லை. ஆனால் பயிர் வளரும் ஆகஸ்ட் மாதம் 1901-க்குப் பிறகு நாடு கண்ட மிக வறண்ட ஆகஸ்ட்டாக இருந்தது. அறுவடை இன்னும் இரண்டு மாதம் தள்ளியிருக்க, கையிருப்பு வைத்திருந்தவர்கள் விற்கத் தயங்கினார்கள், வாங்க வேண்டியவர்கள் அவசரப்பட்டார்கள். குறையப்போவதாக நம்பப்பட்ட நெல் குறைவதற்கு முன்பே விலை ஏறியது.

உலக அரிசி வணிகத்தில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் இந்தியாவிலிருந்து போகிறது. உள்நாட்டு விலையைப் பிடிக்க மத்திய அரசு ஏற்றுமதிக் கதவை இழுத்துச் சாத்தியது. தாய்லாந்து, வியட்நாம் அரிசியின் விலை உயர்ந்தது. ஆப்பிரிக்க நாடுகளில் அரிசி வாங்கும் குடும்பங்கள் வரை அந்த அதிர்ச்சி போனது.

> பெட்டிச் செய்தி: ஏற்றுமதிக் கதவு
>
> 2022 செப்டம்பர்: குருணை ஏற்றுமதிக்குத் தடை, பாசுமதி அல்லாத பச்சரிசிக்கு 20 சதவீத வரி.
>
> 2023 ஜூலை 20: பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை.
>
> 2023 ஆகஸ்ட் 25: புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி.
>
> 2024 பிப்ரவரி: வியாபாரிகளும் ஆலைகளும் இருப்பை வாராவாரம் தெரிவிக்க உத்தரவு, கிலோ 29 ரூபாய்க்கு ‘பாரத் அரிசி’.
>
> 2024 செப்டம்பர், அக்டோபர்: நல்ல மழைக்குப் பிறகு வெள்ளை அரிசித் தடையும் புழுங்கல் அரிசி வரியும் விலக்கல்.
>
> 2025 மார்ச்: குருணை ஏற்றுமதித் தடையும் நீக்கம்.

தேதிகளைப் பருவத்தோடு வைத்துப் பார்த்தால் ஒரு வேதனை தெரியும். தடை வந்தது பற்றாக்குறை அச்சத்தில், நுகர்வோரைக் காக்க. அது சரியான நோக்கம். ஆனால் தடையின் பின்பகுதி அடுத்த அறுவடையிலும் நீடித்தது. விலை ஏறும்போது விவசாயியின் கையில் நெல் இல்லை. அறுவடையாகி நெல் கையில் இருந்தபோது சந்தை பூட்டிக் கிடந்தது. பருவம் தெரிந்து திறக்கப்படாத கதவுக்கான விலையைக் கொடுத்தவர்கள் நெல் விளைவித்தவர்கள்.

சிப்பத்தின் மேல் எழுதிய விலை

நெல் விலை அரிசி விலையாக மாறும் கணக்கு நேரானது. அரசு அரவையில் நூறு கிலோ நெல்லுக்கு 67 கிலோ பச்சரிசி அல்லது 68 கிலோ புழுங்கல் அரிசி. 2,500 ரூபாய் நெல்லென்றால் புழுங்கல் அரிசியின் அடக்கம், அரவைக் கூலி சேர்க்காமல், கிலோவுக்கு 36 ரூபாய் 76 காசு. தவிடும் உமியும் குருணையும் விற்ற பணத்தில் அரவைச் செலவின் பெரும்பகுதி ஈடாகும். நெல்லில் குவிண்டாலுக்கு 100 ரூபாய் ஏறினால் அரிசியில் கிலோவுக்கு ஒன்றரை ரூபாய் ஏற வேண்டும். ஏறும்போது அது கடைக்கு உடனே வந்துவிடுகிறது. இறங்கும்போது தாமதமாகிறது. பழைய விலைக்கு வாங்கிய இருப்பு தீர வேண்டும் என்பது மண்டிக்காரர் சொல்லும் காரணம். அதில் உண்மை உண்டு, ஆனால் ஏறும்போது மட்டும் அதே பழைய இருப்பு யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

தமிழ்நாட்டில் இந்த ஏற்றம் ஏழைகள் மீது முழுதாக விழாமல் தடுப்பது ரேஷன் கடை. 2011 ஜூன் முதல் அரிசி அட்டைதாரர்களுக்கு அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அதனால் சாதாரண ரக அரிசியின் வெளிச்சந்தை விலை ஓரளவுக்கு மேல் ஓடுவதில்லை. சன்ன ரகத்துக்கு அந்தத் தடுப்பு இல்லை. மாதச் சம்பளத்தில் பொன்னி அரிசி வாங்கும் நடுத்தரக் குடும்பமும், சாப்பாட்டுக் கடை நடத்துபவரும்தான் ஏற்றத்தை நேரடியாகச் சுமக்கிறார்கள். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையான முத்திரையிட்ட பொட்டலத்துக்கு 5 சதவீத சரக்கு மற்றும் சேவை வரி வந்ததும் ஆலைகள் 26 கிலோ சிப்பத்துக்கு மாறின. அன்றிலிருந்து பழைய விலையோடு ஒப்பிடும் குடும்பத் தலைவிக்குக் கணக்கு இன்னொரு படி கடினமாகிவிட்டது.

வைக்கோல், தவிடு, உளுந்து

மழையில் நனைந்த குறுவையோடு வைக்கோலும் அழுகும். இயந்திரம் சுருட்டிப் போடும் வைக்கோல் கட்டு உலர்ந்த தையில் மலிவு, ஐப்பசியில் கிடைக்காது. மாடு வைத்திருப்பவர் தொலைவிலிருந்து வாங்கும்போது பாலின் அடக்கம் ஏறுகிறது. தவிட்டின் விலை எண்ணெய் ஆலைகளையும் தீவனக்காரர்களையும் தொடும். குருணை மலிவானால் நாமக்கல் கோழிப் பண்ணைகள் மக்காச்சோளத்தின் ஒரு பகுதியை அதனால் ஈடுகட்டும்.

அதைவிடப் பெரிது உளுந்து. சம்பா, தாளடி அறுவடைக்குச் சில நாள் முன்பு நிற்கும் பயிருக்குள் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவது படுகையின் வழக்கம். மண்ணில் மிஞ்சிய ஈரத்திலேயே அது விளையும். குறுவை தாமதமானால் தாளடி தாமதம், தாளடி தாமதமானால் உளுந்து தெளிக்கும் தை மாதம் கைவிட்டுப் போகும். மேட்டூரில் ஜூனில் நழுவிய தேதி அடுத்த ஆண்டு ஏப்ரலில் உளுந்து மூட்டையின் எண்ணிக்கையில் வந்து நிற்கிறது. நிலமில்லாத கூலிக் குடும்பங்களுக்கு அந்த உளுந்து பறிப்புதான் கோடைக்கு முந்தைய கடைசி வேலை.

காத்திருக்க முடிந்தவர்

அறுவடை வாரத்தில் விற்காமல் இரண்டு மூன்று மாதம் காத்திருக்கும் வசதி விவசாயிக்கு இருந்தால் மேலே சொன்ன இடைவெளியில் ஒரு பங்கு அவருக்கு வரும். அதற்கான ஏற்பாடு ஏட்டில் இல்லாமல் இல்லை. ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்கில் நெல்லை வைத்து, அதன் மதிப்பில் முக்கால் பங்குவரை பொருளீட்டுக் கடனாகப் பெற்று, ஆறு மாதத்துக்குள் விலை பார்த்து விற்கலாம். சம்பா நெல்லுக்கு இது பயன்படுகிறது. உலர்ந்த மிளகாய்க்கும் பருத்திக்கும் பயன்படுகிறது. குறுவைக்குப் பயன்படுவதில்லை, ஏனென்றால் 21 சதவீத ஈரமுள்ள நெல்லைக் கிடங்கில் அடுக்க முடியாது. கடன் கிடைக்கும் நெல்லுக்கு அவசரம் இல்லை. அவசரமுள்ள நெல்லுக்குக் கடன் கிடைப்பதில்லை.

ஆக, குறுவையின் சிக்கல் உலர்த்துவதில் வந்து முடிகிறது. ஆலைகளில் உலர்த்தி இயந்திரங்கள் உண்டு, நெல் முதலில் வந்து சேரும் கொள்முதல் நிலையங்களில் பெரும்பாலும் இல்லை. ஒரு நாளில் ஆயிரம் மூட்டை பிடிக்கும் நிலையத்துக்கு 22 சதவீத நெல் மட்டுமே வருவதாக வைத்தாலும், அதை 17-க்குக் கொண்டுவர வெளியேற்ற வேண்டிய தண்ணீர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,400 கிலோ. அனல் காற்று உலர்த்திகளுக்கு இது பெரிய வேலை அல்ல. உமி எரித்தே இந்த வெப்பத்தை உண்டாக்கலாம், ஆலைகள் அதைத்தான் செய்கின்றன. நிலையத்துக்கொரு உலர்த்தியும், நெல்லைக் கொட்டிவைக்க மேற்கூரை போட்ட தளமும் இருந்தால் அக்டோபரில் டெல்லிக்குக் கடிதம் எழுதி மத்தியக் குழுவுக்காகக் காத்திருக்கும் இரண்டு வாரங்கள் தேவைப்படாது. ஏக்கருக்கு அந்த 6,000 ரூபாய் விளைவித்தவரிடமே நிற்கும்.